ஃப்ளாங்க் ஸ்கவுட்: 24 கில் எடுத்தும் 1-5 தோல்வி ஏன்?

3 ஜூன் 2023, வாசகர் கேள்வி

டீம் ஃபோர்ட்ரஸ் 2 என்ற அணித் துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமில் மூன்று மாதமாக 6க்கு 6 ஆடுகிறேன். ஃப்ளாங்க் ஸ்கவுட், அதாவது பக்கவாட்டில் ஆடும் வேகமான வீரர். நேற்றைய ஸ்க்ரிமில் (பயிற்சி ஆட்டத்தில்) எங்கள் அணியிலேயே அதிகக் கில் எனக்குத்தான், 24. ஆனாலும் 1-5 என்று தோற்றோம். ஸ்கவுட் என்றால் சுற்றிக்கொண்டு பின்னால் போய் எதிரணியின் மெடிக்கை (குணப்படுத்துபவரை) கொல்ல வேண்டும், அதைத்தான் செய்கிறேன். மற்ற ஐந்து பேர் சரியில்லை என்றால் ஃப்ளாங்க் ஸ்கவுட் எவ்வளவு நன்றாக ஆடினாலும் பயனில்லை என்பது என் கருத்து. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். லாக்ஸ் (ஆட்டத்தின் புள்ளிவிவரப் பட்டியல்) இணைத்திருக்கிறேன்.

3 ஜூன், இரவு, பதில்

லாக்ஸ் பார்த்தேன். 24 கில்லுக்குப் பக்கத்துக் கட்டத்தில் 22 டெத் இருக்கிறது. அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

செத்தபின் ஸ்பான் ஆக (மறுபடி உயிர்பெற்று வர) பத்து விநாடி, அங்கிருந்து சண்டை நடக்கும் இடத்துக்கு ஓடிவர இன்னொரு பத்து விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 22 தடவைக்கு ஏழு நிமிடம் தாண்டுகிறது. அரை மணி ஆட்டத்தில் ஏழு நிமிடம் உங்கள் அணி ஐந்து பேரோடு ஆடியிருக்கிறது. அந்த ஐந்து பேரைத்தான் சரியில்லை என்கிறீர்கள்.

கோபத்தில் எழுதவில்லை. 2013இல் நானும் இதே புகாரை என் அணியிடம் சொன்னவன். விவரமாக நாளை.

4 ஜூன்

முதலில் புதிதாகப் படிக்க வருபவர்களுக்காக. 6க்கு 6இல் வழக்கமான அணி என்பது இரண்டு ஸ்கவுட், இரண்டு சோல்ஜர் (ராக்கெட் விடுபவர்), ஒரு டெமோமேன் (வெடிகுண்டு வீசுபவர்), ஒரு மெடிக். ஒரு ஸ்கவுட் மெடிக்குக்கும் டெமோமேனுக்கும் பக்கத்திலேயே இருப்பார். இன்னொருவர் ரோமர் சோல்ஜரோடு (மெடிக்கை விட்டுத் தள்ளி ஆடும் சோல்ஜர்) சேர்ந்து பக்கவாட்டில் இருப்பார். நாம் பேசுவது இந்த இரண்டாமவரைப் பற்றி.

ஸ்கவுட் விநாடிக்கு 400 அலகு ஓடுவார். சோல்ஜர் 240, டெமோமேன் 280, மெடிக் 320. ஆனால் ஸ்கவுட்டின் உயிர் 125தான். சோல்ஜருக்கு 200, டெமோமேனுக்கு 175, மெடிக்குக்கே 150. நெருக்கத்தில் நேராக விழும் ஒரு ராக்கெட் 112 வரை எடுத்துவிடும். ஒன்று விழுந்தால் தப்பிக்கலாம், கூடவே இன்னொரு சின்ன அடி பட்டால் ஸ்பான் திரையைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்கவுட்டின் துப்பாக்கியான ஸ்கேட்டர்கன்னில் ஆறு குண்டு. மூக்குக்கு முன்னால் வைத்து எல்லாச் சிதறலும் பட்டால் 105. அதனால் முழு உயிரோடு இருக்கும் மெடிக்கைக்கூட ஒரே சூட்டில் வீழ்த்த முடியாது, இரண்டு வேண்டும். ஒரு சூட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே 0.625 விநாடி. கணக்கில் பார்த்தால் இது எளிது. ஆனால் மெடிக்கின் மூக்குக்கு முன்னால் வரைக்கும் யாரும் உங்களைப் பார்க்காமல் போக வேண்டும், அதற்கு எதிரணியின் மற்ற ஐந்து பேரும் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர்களை வேறு பக்கம் பார்க்க வைப்பது யார்? உங்கள் அணியின் ஐந்து பேர்தான்.

ஆகவே அவர்கள் சண்டையைத் தொடங்கும் முன்னால் நீங்கள் போய் நின்றால் ஆறு பேரும் உங்களைத்தான் பார்ப்பார்கள். காத்திருக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஃப்ளாங்க் ஸ்கவுட்டின் வேலையில் பாதி காத்திருப்பதுதான்.

4 ஜூன், பிற்பகல்

மேலே ஒருவர் "காத்திருப்பது என்றால் சும்மா நிற்பதா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை. ஆனால் சும்மா நிற்பதும் சில சமயம் வேலைதான். என் கதையைச் சொல்கிறேன்.

நெதர்லாந்தில் படித்துக்கொண்டிருந்த காலம். ஐரோப்பிய லீக்கின் அடிமட்டப் பிரிவில் ஓர் அணியில் எனக்கு இடம் கிடைத்தது. எல்லோரும் வேறு வேறு நாடு, பேசுவது உடைந்த ஆங்கிலம். டெமோமேன்தான் கேப்டன், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பின்லாந்துக்காரர். அதிகம் பேச மாட்டார்.

பேட்லேண்ட்ஸ் மேப். மிட் பாயிண்ட்டை (பிடிக்க வேண்டிய ஐந்து இடங்களில் நடுவில் இருப்பது) இழந்துவிட்டோம், இரண்டாவது பாயிண்ட்டைக் காக்கிறோம். அது உயரமான பாறைத் தூணின் மேல் இருக்கிறது, ஸ்பயர் என்போம். என் இடம் வேலி. ஆங்கிலத்தில் பள்ளத்தாக்கு என்ற சொல் அது, ஆனால் தமிழில் எழுதினால் பொருள் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. எங்கள் பயிருக்கு அந்தப் பக்கம் நான்தான் வேலி. இருபது விநாடி நின்றேன். யாரும் வரவில்லை. கை பரபரத்தது. எதிரியின் மெடிக் மிட்டில்தான் இருப்பார், சுற்றிப் போய் அடித்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

போனேன், மெடிக்கை 40 உயிருக்குக் கொண்டுவந்தேன், செத்தேன். நான் விழுந்த அதே நேரத்தில் கில் வரிசையில் எங்கள் மெடிக்கின் பெயர் வந்தது. எதிரணி ஸ்கவுட் நான் விட்டுவிட்டு வந்த பாதை வழியாகவே நடந்து வந்து சுட்டிருக்கிறார். ஓடிக்கூட வரவில்லை. எங்கள் ஊபர் (மெடிக் குணப்படுத்தக் குணப்படுத்த ஏறி, முழுதானதும் சில விநாடி அடிபடாத காப்பைத் தருவது) 90 சதவீதத்தில் இருந்தது. அந்த ரவுண்டு அதோடு முடிந்தது.

கேப்டன் திட்டவில்லை. ஆட்டம் முடிந்ததும் சர்வர் ரெக்கார்டிங்கைப் போட்டு, அந்த எதிரணி ஸ்கவுட்டின் பார்வையில் இருந்து காட்டினார். நான் வேலியில் நின்ற இருபது விநாடியும் அந்த ஆள் மூலையில் நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். வர நினைத்திருக்கிறார், நான் இருந்ததால் வரவில்லை. "யாரும் வரவில்லை" என்று நான் நினைத்த நேரம் முழுக்க நான் ஒரு ஆளைத் தடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். லாக்ஸில் அதற்குக் கட்டம் கிடையாது.

5 ஜூன்

சடுகுடு தெரிந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். பாடிப் போகிறவன் நான்கு பேரைத் தொட்டாலும் கோட்டுக்குத் திரும்பி வந்தால்தான் கணக்கு. அங்கேயே பிடிபட்டால் தொட்டது எதுவும் செல்லாது. ஃப்ளாங்க் ஸ்கவுட்டும் அப்படித்தான். திரும்பி வர வழி பார்த்துவிட்டுப் போங்கள்.

5 ஜூன், இரவு

நான் காலையில் எழுதிய சடுகுடு உவமையை ஒருவர் மறுத்திருக்கிறார், அவர் சொல்வது சரி. மெடிக் மட்டும் விதிவிலக்கு. எதிரி மெடிக்கைக் கொன்றுவிட்டு அங்கேயே செத்தாலும் அந்த உயிர் வீணில்லை. ஊபர் முழுதாக ஏறக் குறைந்தது 40 விநாடி வேண்டும், அதுவும் அடிபட்டவர்களையே தொடர்ந்து குணப்படுத்தினால்தான். முழு உயிருக்கு மேலும் நிறைய ஏற்றிக்கொண்டவர்மேல் பீமை (குணப்படுத்தும் கதிரை) வைத்திருந்தால் வேகம் பாதியாகிவிடும். மெடிக் செத்தால் சேர்த்து வைத்ததெல்லாம் பூஜ்யம். உங்கள் பக்கம் மெடிக் உயிரோடு இருந்தால் அடுத்த ஊபர் உங்களுடையது, கையிலேயே தயாராக இருந்தால் உடனே ஏறிப் போகலாம். அதற்கு ஒரு ஸ்கவுட்டைக் கொடுப்பது லாபமான வியாபாரம். ரோமர் சோல்ஜர் தன் ராக்கெட்டாலேயே எம்பித் தலைக்கு மேல் பறந்து வந்து விழுவதெல்லாம் இந்தக் கணக்கில்தான்.

ஆனால் கேள்வி கேட்ட தம்பிக்கு ஒன்று. உங்கள் 24 கில்லில் மெடிக் எத்தனை என்று லாக்ஸிலேயே இருக்கிறது. மூன்று. மீதி 21இல் பெரும்பாலும் எதிரணி ஸ்கவுட்டும் ரோமரும். அதாவது பக்கவாட்டில் உங்களைத் தேடி வந்தவர்களோடு மாற்றி மாற்றிச் செத்திருக்கிறீர்கள். அந்த வியாபாரம் லாபமில்லை, நஷ்டமும் பெரிதாக இல்லை. ஆனால் உங்கள் பக்கம் ஊபர் தயாராக இருந்து அவர்கள் பக்கம் இல்லாத நேரத்தில் ஒருவருக்கு ஒருவர் மாறுவது தவறு. அவர்களுக்குத் தேவைப்படும் அவகாசத்தை நாமே கொடுத்துவிடுகிறோம்.

8 ஜூன்

மூன்று நாள் வேலை. இடையில் நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள், எல்லாம் படித்தேன்.

4ஆம் தேதி எழுதியதை நானே திருத்த வேண்டியிருக்கிறது. "காத்திருங்கள்" என்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், ப்ராசஸ் மேப்பில் சூவர் பாதையில் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தாராம், அதற்குள் அணி முழுதும் விழுந்துவிட்டதாம். இது என் தவறு, பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

மேலே சொன்ன கதைக்குப் பிறகு நானும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஒரு சீசன் முழுக்க டெத் மிகக் குறைவு, லாக்ஸ் அழகாக இருந்தது, தோற்றுக்கொண்டே இருந்தோம். நான் சண்டைக்கு மூன்று விநாடி தாமதமாக வந்துகொண்டிருந்தேன். சண்டையின் முடிவு பெரும்பாலும் அந்த மூன்று விநாடியில்தான் தெரிந்துவிடும். ஐந்து பேர் ஆறு பேரோடு மோதி இரண்டு பேர் விழுந்த பிறகு, முழு உயிரோடு, ஆறு குண்டோடு வந்து நிற்பேன். யாருக்கு என்ன பயன்?

அப்படியானால் எப்போது போவது? நான் இன்றும் பார்க்கும் அடையாளங்களைச் சொல்கிறேன். ரோமர் "குதிக்கிறேன்" என்று சொன்ன மாத்திரத்தில் நான் ஓடத் தொடங்குவேன், அவர் விழுந்து எதிரிகள் எல்லோரும் அவரைப் பார்த்துத் திரும்பும்போது நான் வாசலில் இருக்க வேண்டும். அடுத்தது, எதிரி சோல்ஜரின் ராக்கெட்டை எண்ணுவேன். நான்குதான் கொள்ளும். நான்கும் நம்மவர்கள்மேல் போன சத்தம் கேட்டால் அந்தச் சோல்ஜர் நிரப்பிக்கொண்டிருக்கிறார் என்று பொருள், அப்போது நுழைந்தால் அவர் கையில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மூன்றாவது, நம் டெமோமேனின் ஸ்டிக்கி (ஒட்டிக்கொள்ளும் வெடிகுண்டு) வெடிக்கும் சத்தம். வெடித்ததும் எதிரிகள் பின்வாங்குவார்கள், பின்வாங்கும் பாதையில் நீங்கள் நிற்கலாம்.

காத்திருக்கும் நேரத்தில் காது வேலை செய்ய வேண்டும். வாயும்தான். வாயைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

8 ஜூன், இரவு

வாய்.

பக்கவாட்டில் தனியாக இருப்பவருக்குத்தான் எதிரி எங்கே இருக்கிறார் என்பது முதலில் தெரியும். அதைச் சொல்லாவிட்டால் அங்கே இருப்பதில் பாதிப் பயன் போய்விடுகிறது. நான் முதலில் சொல்லிக்கொண்டிருந்தது எல்லாம் "செத்துட்டேன்", "அவனுக்கு உயிர் கொஞ்சம்தான்" என்ற வகை. அதில் கேட்பவருக்கு ஒன்றும் இல்லை. யாருக்கு, எங்கே, எவ்வளவு?

கேப்டன் ஒரு பழக்கம் கற்றுக்கொடுத்தார். ஐந்து விநாடிக்கு ஒரு தரம், எதுவும் நடக்காவிட்டாலும், என் பக்கம் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். "என்மேல் ஒருவர்." "என்மேல் யாருமில்லை." "இரண்டு பேர்." அவ்வளவுதான். இதில் மூன்றாவது வந்தால் மற்றவர்களுக்கு உடனே புரியும்: இரண்டு எதிரிகள் ஒரு ஸ்கவுட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அப்படியானால் அந்தப் பக்கம் நாம் ஐந்து பேர், அவர்கள் நான்கு பேர். அந்த நிமிடம் ஏறிப்போக வேண்டும். நான் ஒரு குண்டுகூடச் சுட்டிருக்க மாட்டேன்.

இது நடக்க ஒரே நிபந்தனை, நான் சாகக் கூடாது. அந்த இரண்டு பேருக்கும் நான் எப்போது வேண்டுமானாலும் வருவேன் என்ற பயம் இருக்க வேண்டும், ஆனால் வந்து மாட்டக் கூடாது. எட்டிப் பார்த்து ஒரு சூடு, மறைவு. பிஸ்டலால் நான்கு குண்டு, மறைவு. பிஸ்டலை மறந்துவிடாதீர்கள், 12 குண்டு இருக்கிறது, தூரத்தில் இருப்பவரைச் சும்மா நிற்க விடாமல் செய்ய அது போதும்.

கேள்வி கேட்ட தம்பி சொன்னதை இப்போது திரும்பப் படித்தேன். "வேகமாகப் பின்னால் போக வேண்டும்" என்று எங்கேயும் நீங்கள் எழுதவில்லை, "சுற்றிக்கொண்டு" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். வேகத்தை நான்தான் நடுவில் சேர்த்துப் படித்திருக்கிறேன். என் பழைய குறை அது.

11 ஜூன்

உயிர் குறைந்தால் மெடிக்கிடம் ஓடி வருவதா என்று கேட்டவருக்கு: முடிந்தவரை வேண்டாம். நீங்கள் ஓடிவரும் நேரம் பக்கவாட்டு காலி. பாதையில் ஹெல்த் பேக் எங்கெங்கே இருக்கிறது என்று மேப்புக்கு மேப் மனப்பாடம் செய்யுங்கள், நடுத்தரப் பேக் ஒன்று பாதி உயிரைத் தரும். மெடிக்கிடம் க்ராஸ்போ (குணப்படுத்தும் அம்பை எய்யும் வில்) இருந்தால் குரல் கொடுங்கள், அம்பு தூரத்துக்கு ஏற்ப 75 முதல் 150 வரை குணப்படுத்தும். தூரம் கூடக் கூட அதிகம், அதாவது பக்கவாட்டில் இருப்பவருக்கென்றே செய்தது போல. ஆனால் அம்பு வரும்போது அசையாமல் நில்லுங்கள், அல்லது அவர் எதிர்பார்க்கும் திசையில் நேராக ஓடுங்கள். குதித்துக்கொண்டே அம்பு கேட்பது பெரிய கொடுமை. நான் ஒரு சீசன் மெடிக் ஆடியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

புறப்படும் முன் மெடிக் பக்கத்தில் இருந்தால் 185 வரை ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் அது ஏறக்குறைய 15 விநாடியில் கரைந்துவிடும். ஏற்றிக்கொண்டு போய் மூலையில் அரை நிமிடம் நிற்பதாக இருந்தால் மெடிக்கின் நேரத்தை வாங்காதீர்கள்.

11 ஜூன், சிறிது கழித்து

மெடிக் ஆடிய சீசன் பற்றி ஒருவர் விவரம் கேட்டார். இழையின் பொருளில் இருந்து கொஞ்சம் விலகுகிறது, ஆனால் எனக்கு ஃப்ளாங்க் புரிந்ததே அப்போதுதான்.

எங்கள் மெடிக் தேர்வுகளுக்காக விலகினார், யாரும் கிடைக்கவில்லை, நான் எடுத்துக்கொண்டேன். முதல் வாரத்திலேயே ஒன்று தெரிந்தது. கண்ணுக்குத் தெரியும் ஸ்கவுட்டைக் கண்டு எனக்குப் பயமே இல்லை. டெமோமேனுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். ஸ்கவுட் எங்கே என்று யாருக்கும் தெரியாத பத்து விநாடிதான் வயிற்றைப் பிசையும். பீமை ஒருவர்மேல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விநாடியும் பின்னால் திரும்பிப் பார்ப்பேன். பாக்கெட் சோல்ஜரை (மெடிக்கோடு ஒட்டியே ஆடும் சோல்ஜர்) முன்னால் போக விட மாட்டேன். அந்த ஸ்கவுட் ஒருவேளை ஸ்பானில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருக்கலாம், ஆனாலும் எங்கள் மூன்று பேரின் ஆட்டத்தையும் அவர் கெடுத்துக்கொண்டிருந்தார்.

காலடிச் சத்தமும் அப்படித்தான். ஓடி வரும் ஸ்கவுட்டின் காலடி நன்றாகக் கேட்கும். குனிந்து நகர்பவரின் காலடி கேட்காது. மெடிக் ஆடிய பிறகுதான் எதிரியின் பின்பக்கம் கடைசிப் பத்தடியை நான் ஓடாமல் கடக்கத் தொடங்கினேன்.

இன்னொன்று, பழைய ஆலோசனைகளைப் படிக்கும்போது கவனம். நான் மெடிக் ஆடிய காலத்தில் ஸ்கவுட்டைக் குணப்படுத்தினாலும் மெடிக் தன் வேகத்தில்தான் ஓடுவார். 2016 ஜூலை அப்டேட்டுக்குப் பிறகு எந்த மெடிகன்னாக (மெடிக்கின் குணப்படுத்தும் கருவி) இருந்தாலும் ஸ்கவுட்மேல் பீமை வைத்தால் மெடிக்கும் ஸ்கவுட்டின் வேகத்தில் ஓடிவிடுவார். தப்பி ஓடும் மெடிக்கைத் துரத்தும் முன் அவர் யாரோடு ஓடுகிறார் என்று பாருங்கள். அவர்களின் ஸ்கவுட்டோடு என்றால் துரத்துவதில் பயன் குறைவு.

15 ஜூன்

பிங் (சர்வருக்குப் போய்வர ஆகும் தாமதம், மில்லிவிநாடியில்) பற்றிக் கோவைக்காரர் கேட்டதற்கு.

நானும் இப்போது கோவைதான். சிங்கப்பூர் சர்வருக்கு எனக்கு 60, 70 வருகிறது. நெதர்லாந்தில் 15 பழகிய கை. திரும்பி வந்த முதல் மாதம் ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று இருந்தது.

ஸ்கேட்டர்கன் பெரிதாகக் கெடுவதில்லை. குண்டு உடனே படும் வகை ஆயுதங்களுக்கு சர்வர் நம் தாமதத்தைக் கழித்துக் கணக்குப் போடுகிறது, நம் திரையில் சரியாக வைத்துச் சுட்டால் பெரும்பாலும் படும். ராக்கெட்டுக்கும் ஸ்டிக்கிக்கும் அப்படி இல்லை. நம் திரையில் ராக்கெட் கிளம்புவது தெரியும்போது சர்வரில் அது ஏற்கெனவே கொஞ்சத் தூரம் வந்திருக்கும். ஆகவே பார்த்த பிறகு ஒதுங்குவது நடக்காது, வரும் என்று எண்ணி முன்னாலேயே ஒதுங்க வேண்டும். இரண்டாவது தாவலை அவசரப்பட்டுச் செலவழிக்காதீர்கள். காற்றில் சட்டென்று திசையை மாற்ற நமக்கு இருப்பது அதுதான்.

மூலையில் மறைந்த பிறகும் செத்ததாகக் காட்டும், அது நம் பிங்கும் எதிரியின் பிங்கும் சேர்ந்து செய்வது. அதனால் 20 உயிரில் மறைவுக்கு ஓடுகிற பழக்கத்தை விட்டு, 60 இருக்கும்போதே ஓடுங்கள். ஓடும்போது திரும்பி ஓடுங்கள். எதிரியைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தால் வேகம் 90 சதவீதம்தான்.

இணைப்பு நிலையாக இருந்தால் இன்டர்ப் ரேஷியோ (மற்றவர்களின் அசைவை எவ்வளவு தாமதித்துச் சீராகக் காட்டுவது என்ற அமைப்பு) 1, வைஃபையில் ஆடி அவ்வப்போது துள்ளுகிறது என்றால் 2. முடிந்தால் வயர் இழுத்துவிடுங்கள், அம்மா திட்டினாலும்.

15 ஜூன்

எதிரணி ஊபர் போட்டுவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தார், விட்டுவிட்டேன். எட்டு விநாடி ஓடுங்கள். நம்மைவிட வேகமானவர் யாருமில்லை. ஒன்பதாவது விநாடியில் திரும்பி வாருங்கள், அப்போது அவர்கள் முன்னேறி நின்றுகொண்டு, காப்பு இல்லாமல், குண்டு நிரப்பிக்கொண்டிருப்பார்கள்.

19 ஜூன்

கடைசிப் பாயிண்ட்டைக் காக்கும்போது ஃப்ளாங்க் ஸ்கவுட் உள்ளேயே நிற்க வேண்டுமா என்று விவாதம் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த பகுதி.

எதிரி நான்கு பாயிண்ட்டைப் பிடித்துவிட்டார், நம்மிடம் கடைசி ஒன்றுதான். அவர்கள் அதைத் தொடலாம், நாம் நம் இரண்டாவது பாயிண்ட்டைத் தொடலாம். ஸ்கவுட் ஒருவர் நின்றால் இரண்டு பேர் நின்ற வேகத்தில் பாயிண்ட் நம் பக்கம் ஏறும். அவர்கள் ஆறு பேரும் கடைசி அறையின் வாசலில் குவியும்போது நீங்கள் நழுவிப் போய் இரண்டாவது பாயிண்ட்டில் கால் வைத்தால் போதும், மணி அடிக்கும். முழுதாக ஏறிவிட்டால் கடைசிப் பாயிண்ட் அவர்களுக்குப் பூட்டிக்கொள்ளும். அதனால் இரண்டு பேராவது திரும்பி வந்தே ஆக வேண்டும். திரும்பிய நொடியில் உள்ளே இருக்கும் ஐந்து பேரும் வெளியே பாய வேண்டும்.

இதை வென்ற ஆட்டங்கள் எனக்கு நினைவில் இருக்கின்றன, கில் எடுத்த ஆட்டங்கள் அவ்வளவாக இல்லை. ஆனால் ஒன்று: அவர்களிடம் ஊபர் இருந்து நம்மிடம் இல்லை என்றால் இதைச் செய்யாதீர்கள். மணி அடித்ததும் அவர்கள் திரும்ப மாட்டார்கள், ஊபரைப் போட்டு உள்ளே வந்து ஐந்து பேரையும் அடித்துவிட்டுப் பாயிண்ட்டை எடுத்துக்கொள்வார்கள். இரண்டு முறை இப்படி ரவுண்டை இழந்திருக்கிறேன்.

கற்றுக்கொள்ள ஒரு வழி: இங்கிலாந்தின் இன்சோம்னியா விழாக்களில் ஐரோப்பிய அணிகளும் வட அமெரிக்க அணிகளும் மோதிய ஆட்டங்களின் வீடியோ இருக்கிறது. கில் வரிசையைக் கையால் மறைத்துக்கொண்டு, ஃப்ளாங்க் ஸ்கவுட் எங்கே நிற்கிறார் என்று மட்டும் ஒரு ரவுண்டு பாருங்கள். எவ்வளவு நேரம் எதையும் சுடாமல் இருக்கிறார்கள் என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

24 ஜூன்

தம்பி அனுப்பிய ரெக்கார்டிங்கை இரண்டு தடவை பார்த்தேன். கல்லிவாஷ் மேப், ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரிம். முதலில் சொல்ல வேண்டியது, எய்ம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. நான் ஆடத் தொடங்கிய காலத்தில் என்னிடம் இதில் பாதிகூட இல்லை. டெத் 22இல் இருந்து 13க்கு வந்திருக்கிறது, அதுவும் தெரிகிறது.

மூன்றாவது ரவுண்டில் ஓர் இடம். மிட்டில் பெரிய கதவுக்குப் பக்கம் நிற்கிறீர்கள். உயிர் 125, குண்டு ஆறு. எதிரணி ரோமரும் ஸ்கவுட்டும் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், வரவில்லை. நீங்களும் போகவில்லை. பதினோரு விநாடி அப்படியே நின்றீர்கள். அருமையாக நின்றீர்கள். அந்தப் பதினோரு விநாடியும் உங்கள் குரல் ரெக்கார்டிங்கில் இல்லை. உங்கள் டெமோமேன் "எங்கே இருக்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள்" என்று இரண்டு தடவை கேட்கிறார். பன்னிரண்டாவது விநாடியில் பொறுமை இழந்து உள்ளே பாய்கிறீர்கள்.

அந்த இடத்தில் "என்மேல் இரண்டு பேர்" என்று ஒரு வாக்கியம் வந்திருந்தால் உங்கள் ஆட்கள் ஏறியிருப்பார்கள். பாக்கெட் சோல்ஜர் ஏற்கெனவே குதிக்கத் தயாராக நிற்பது சர்வர் பார்வையில் தெரிகிறது.

நாளை இரவு 9 மணி மிக்ஸில் (பல அணி ஆட்கள் கலந்து ஆடும் ஆட்டத்தில்) ஒரு மெடிக் குறைகிறது, நான் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் ஃப்ளாங்க். பேசிக்கொண்டே இருங்கள். அம்பு வேண்டும் என்றால் கேளுங்கள், குதிக்காமல்.